காக்காய்ச் சோறும் ஐந்து எம்.எம். ஷீட்டும்

ஜனவரி 12, திங்கள்

காலையில் புகைமூட்டம். எதிர் பில்டிங் கூடத் தெரியவில்லை. ஆபீஸுக்கு லீவ், எட்டாவது நாள்.

ஆஸ்பத்திரியில் ரா. இன்று ஆக்ஸிஜன் இல்லாமல் பாத்ரூம் வரை நடந்தார். திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் உதட்டில் லேசான நீலம். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் மூச்சை எண்ணியதில்லை. இப்போது அதுதான் வேலை.

டாக்டர் சொன்னது: புறா எச்சத்தின் தூசி. நுரையீரல் தடித்துப்போயிருக்கிறது. சனிக்கிழமை வீட்டுக்கு விடலாம், ஆனால் ஜன்னலில் ஒரு புறாகூட உட்காரக் கூடாது. மறுபடி வந்தால் இந்த அளவு மீள்வது கஷ்டம். புறாவுக்குத் தீனி போடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். மேல் வீட்டில் ஜோவார்ச் சோளம் போடுகிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டி கிரில்தான் பிரச்சினை, புறா உட்காருவது அதில்தான். வலை இரண்டு தடவை கிழிந்தாயிற்று. கண்ணாடி கனம். ஆள் வைத்துச் செய்தால் பதினைந்து நாள் என்கிறார்கள். அக்ரிலிக் ஷீட்டில் ஒரு பெட்டி, கிரிலுக்குள் பொருந்துகிற மாதிரி. நானே.

முன்பக்கம் 48 x 36 அங்குலம்.
பக்கம் இரண்டு, 18 x 36.
அடி 48 x 18.
மேலே மட்டும் கம்பி வலை, காற்றுக்கு.

ஜனவரி 13, செவ்வாய்

தாராவி, தொண்ணூறடி ரோடு. செல்வம் கடை. பெயர்ப்பலகை செய்கிறவர், திருநெல்வேலிக்காரர். மூன்று எம்.எம். கேட்டேன்.

"வளைஞ்சிரும்க்கா. அஞ்சா வாங்குங்க. மேல ஒட்டியிருக்க காயிதத்தக் கடைசி வரை பிய்க்காதிய, கீறல் விழும்."

வெட்டிக் கொடுத்தார். ஒட்டுவதற்குச் சின்னப் பாட்டிலில் குளோரோஃபார்ம், ஒரு ஊசிக்குழல். வீட்டுக்குள் வைத்து ஒட்டக் கூடாதாம், நெடி. மொட்டை மாடியில்தான் என்றேன்.

"இம்புட்டுப் பெரிய பெட்டி எதுக்குக்கா, மீனு வளக்கப் போறியளா?"

"புறா வராம இருக்க."

"ஒங்க சன்னல் மேல அதுக்கு அப்படி என்ன பாசம்? சோறு கீறு வப்பியளோ?"

"காக்காய்க்குத்தான். தினமும், நாங்க சாப்பிடறதுக்கு முன்னாடி."

"அது காக்கா சோறுன்னு புறாவுக்கு யாரு சொன்னா?"

அவரே சிரித்தார்.

டாக்ஸியில் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு செம்பூர் வரை அதே யோசனை. டாக்டரிடம் பொய் சொன்னேனா? இல்லை. அவர் கேட்ட நிமிஷத்தில் அந்தச் சோறு நினைவுக்கே வரவில்லை. பொய்யே தேவலை.

ஜனவரி 14, புதன்

போகி. மாடியில் நல்ல காற்று. அதுவே கெடுத்தது. ஊசியால் விட்ட குளோரோஃபார்ம் இணைப்புக்குள் ஓடுவதற்கு முன்னால் ஆவியாகிவிட்டது. பக்கத்துத் தகட்டை லேசாக அழுத்தினேன், பட்டென்று கையோடு வந்தது. அரை நாள் வீண். செல்வத்துக்கு போன்.

"ஓரத்தைத் தேச்சியளா? இது ஃபெவிகால் இல்லக்கா, சந்த நிரப்பாது. ரெண்டு ஓரமும் உருகி ஒண்ணா ஆவணும். வெயிலுக்கு முன்னாடி ஒட்டுங்க." பிறகு, "காக்காய்க்கு வேணும்னா முன்னால ஒரு சாண் கதவு வெட்டித் தாரேன், கொண்டாங்க."

சரி என்று சொல்ல வாய் எடுத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ரா. கேட்டது ஒன்றுதான்: "தை அமாவாசைக்கு வந்துடுவேனோல்லியோ?"

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். குக்கரில் கொஞ்சம். சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். ஜன்னலில் வைக்கவில்லை. கை தானாக அங்கே போயிற்று, இழுத்துக்கொண்டேன்.

விடிகாலையிலேயே மாடி. ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, டேப் போட்டு நிறுத்தி, சொட்டுச் சொட்டாக. இணைப்பில் வெள்ளைக் கோடு மறைந்து கண்ணாடிபோல் ஆயிற்று. ஒரு நாள் தொடக் கூடாது. விரல் நுனியெல்லாம் எரிச்சல்.

ஜனவரி 16, வெள்ளி

கனு, கூடப்பிறந்தவர்கள் நன்றாயிருக்கக் காக்காய்க்குச் சோறு வைக்கிற நாள். பெட்டியைப் பார்க்க மாடிக்குப் போனால், இரண்டாம் மாடி கமலா மாமி மஞ்சள் இலையில் கலர் கலராகச் சோற்று உருண்டை வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, நீ வைக்கலையா? அண்ணாவோட சண்டையா?"

"இல்லை மாமி. இவர் உடம்புக்காக."

"உடம்புக்கும் காக்காய்க்கும் என்னடி?"

நின்று பார்த்தேன். முதலில் இறங்கியவை புறாக்கள். ஆறு, ஏழு. காக்காய் டேங்க் மேல் உட்கார்ந்து வேடிக்கை. மாமி "சூ, சூ" என்று விரட்டினாள். அவை நகர்ந்து, திரும்ப வந்தன. என் ஜன்னலில் இதை ஒரு நாளாவது நின்று பார்த்திருக்கிறேனா? வைப்பேன், கதவைச் சாத்துவேன், குழம்பைக் கவனிப்பேன்.

சாயங்காலம் டாக்டரிடம் சொன்னேன். தினமும் ஒரு பிடி, பதினெட்டு வருஷம். எழுதிக்கொண்டார், திட்டவில்லை. அதை நிறுத்துவது மருந்துக்குச் சமம் என்றார்.

செல்வத்துக்கு போன்: கதவு வேண்டாம்.

ஜனவரி 17, சனி

வாட்ச்மேனும் நானும் பெட்டியை இறக்கினோம். கிரிலுக்குள் நிறுத்தி, மேலே கம்பி வலை போட்டு முடுக்கியாயிற்று. அதற்கு முன்னால், முகமூடியோடு, பழைய எச்சம் முழுக்க ஈரத்துணியால் துடைத்தெடுத்தேன். இணைப்பு அசையவில்லை.

நாலு மணிக்கு ரா. வீடு. லிஃப்டிலிருந்து வாசலுக்குப் பத்தடி, நடுவில் ஒரு தடவை நின்றார்.

ஜனவரி 18, ஞாயிறு

தை அமாவாசை. நாற்காலியில் உட்கார்ந்தே தர்ப்பணம். பாட்டனார் பெயரில் மூச்சு முட்டி நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தார்.

சமையல் ஆனதும் இலைத்துண்டில் சாதம், நெய், எள்ளு எடுத்துக்கொண்டு அவரே சமையலறைக்கு வந்தார். ஷீட்டைத் தடவினார்.

"திறக்கற இடம் எங்கே?"

"வைக்கலை."

"அப்பாவுக்கு எங்கே வைக்கறது?"

சொன்னேன். டாக்டர் கேட்டது, நான் இல்லை என்றது, அந்தச் சோற்றை யார் தின்றது எல்லாம். அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

மேடையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"தினம் உன்னைக் கேக்கறது நான்தானே, காக்காய்க்கு வெச்சாச்சான்னு."

இலைத்துண்டை மேடையில் வைத்தார். போய் உட்கார்ந்தார். பரிமாறினேன். சாதத்தில் கை வைக்காமல் மேடை மேலிருந்த இலைத்துண்டையே பார்த்தார்.

பிறகு, "பருப்பு போடு" என்றார்.