அக்கா கையெழுத்திட்ட காகிதம்

என் தனம் அக்காவுக்கு,

நீ போய் ஆறு மாதமாகிறது. மஞ்சள் காமாலை இருபதே நாளில் உன்னைக் கொண்டுபோய்விடும் என்று யார் நினைத்தோம்? உன் மகள் செல்வியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. மாமா தினமும் சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறார். அப்பா தென்னூர் மைக் செட் கடையை இன்னும் திறக்கிறார். ஆனால் கல்யாணத்துக்கு செட் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன் என்றால் அது பொய்.

அந்தக் கடையில்தானே நீ வளர்ந்தாய். அம்மா இல்லாத வீடு. ஐந்தாம் வகுப்போடு உன் படிப்பு நின்றது. ஒயரைச் சுற்றிக்கொண்டே மெட்டுக் கட்டுவாய், எனக்குத் தலை பின்னிக்கொண்டே அதற்குச் சொல் தேடுவாய். அதெல்லாம் சினிமாப் பாட்டு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்தில் பாட வேண்டியவர் வராமல்போக, அப்பா உன் கையில் மைக்கைக் கொடுத்தார். பாடி முடித்ததும் ஒருவர் வந்து, "இது எந்தப் படத்துலம்மா வருது?" என்று கேட்டார்.

"எந்தப் படத்துலயும் இல்லீங்க. நான் எழுதினது" என்றாய்.

அவர் ரிக்கார்டு கம்பெனி ஏஜெண்டு. அடுத்த மாதமே மெட்ராஸுக்குக் கூப்பிட்டார்கள்.

அன்று கம்பெனி மேனேஜர் நான்கு பக்க இங்கிலீஷ் காகிதத்தை நீட்டியபோது அப்பா நம்மோடு இல்லை. கடை ஆம்ப்ளிஃபயருக்கு வால்வு வாங்கப் போயிருந்தார். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பெருமையில் நான்தான் அதை வாங்கினேன். பாதிக்கு மேல் புரியவில்லை. 'எக்ஸ்க்ளூசிவ்' என்று ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. தெரியவில்லை என்று அந்த மேனேஜர் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

"என்னடி போட்டிருக்கு?" என்று என் காதில் கேட்டாய்.

"உன்னை ரொம்பச் சிறப்பா வச்சுக்குவாங்களாம்" என்றேன்.

நீ சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாய்.

நீ கொடுத்த ஆறு பாட்டில் இரண்டு உன் குரலில் பதிவானது. குரல் கட்டையாக இருக்கிறது என்று சொல்லி அவற்றை வெளியிடவில்லை. மற்ற நான்கையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். உனக்குக் கல்யாணமாகி, செல்வி பிறந்த வருஷம்தானே அப்பா புதிதாக வாங்கிவந்த ரிக்கார்டு ஒன்றை உறையூர்க் கல்யாணத்தில் போட்டார்? இரண்டாம் அடி வருவதற்குள் ஊசியைத் தூக்கிவிட்டார். உன் பாட்டு, வேறொருத்தி குரலில். எழுதியவர் என்று லேபிளில் கம்பெனிக் கவிஞரின் பெயர்.

அப்பாவுக்கு வைகுண்ட ஏகாதசி வேலை இருந்ததால், செல்வியைத் தூக்கிக்கொண்டு நாம் இருவர் மட்டும் மெட்ராஸ் போனோம். மேனேஜர் கத்தவில்லை. காகிதத்தை எடுத்து, 'எக்ஸ்க்ளூசிவ்' என்ற அந்த வார்த்தைமேல் விரலை வைத்து நிதானமாகச் சொன்னார். "அஞ்சு வருஷம் வேற எங்கேயும் பாடக் கூடாதுன்னு அர்த்தம்மா. குடுத்த ஆறு பாட்டும் கம்பெனிக்கே சொந்தம். கையெழுத்து உங்களோடதுதானே?"

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அவ்வளவுதான். ரயிலில் விழுப்புரம் வரும்வரை செல்வியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாய். பிறகு, "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டாய்.

ஏனக்கா அன்றைக்கு என்னைத் திட்டவில்லை?

அதைவிடப் பெரிய பாவத்தை வீட்டுக்கு வந்து செய்தேன். அப்பா கேட்டபோது, கம்பெனிக்காரன் காகிதத்தை மாற்றிவிட்டான் என்றேன். அடுப்படியில் நின்ற உன் காதில் அது விழுந்தது. நீ வெளியே வரவே இல்லை. அப்பா அதை நம்பி, கடைக்கு வருகிற எல்லாரிடமும் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்து வருஷம் கழிந்து இன்னொரு கம்பெனிக்கு எழுதினாய். புதுக் குரல்தான் வேண்டும் என்று பதில் வந்தது. உனக்கு அப்போது இருபத்தெட்டு வயது.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "காயிதத்தை யாரும் மாத்தலப்பா. அர்த்தம் தெரியாம நான்தான் தப்பாச் சொன்னேன்."

அவர் பழைய ஹார்ன் ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். "தனத்துக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"கடைசிவரைக்கும் அவ உன்னைக் காட்டிக்குடுக்கலையே" என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், எழுந்து போகிறார். அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

உன் டிரங்குப் பெட்டியில் ஒரு நோட்டு கிடைத்தது, அக்கா. கம்பெனிக்குக் கொடுத்த ஆறு போக, பிறகு நீ எழுதிய பதினான்கு பாட்டு. யாருக்கும் பாட முடியாத அந்த வருஷங்களிலும் எழுதிக்கொண்டுதான் இருந்தாயா? எனக்குக்கூடப் பாடிக் காட்டவில்லையே. மெட்டுத் தெரியாமல் தவித்தேன். நான்கு பாட்டு செல்விக்குத் தெரிந்திருந்தது. அவள் பாட, நான் கற்றுக்கொண்டேன்.

அடுத்த மாதம் ரேடியோ நிலையத்தில் குரல் தேர்வு. என் குரல் உன் குரல் அல்ல, தேறாமல் போகலாம். தேறும்வரை போவேன். படிவத்தில் பாடல் இயற்றியவர் என்ற இடத்தில் உன் முழுப் பெயரையும் எழுதிவிட்டேன். அந்தப் பெயரைச் சொல்லாமல் இந்தப் பதினான்கில் ஒன்றையும் எங்கேயும் பாட மாட்டேன், யாரையும் பாடவிட மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
விசாலம்