முதலில் என் கையில்

ஏற்காடு,
ஜூலை 1993

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? எனக்குக் குறையொன்றுமில்லை, மேடேறி இறங்கித்தான் அலுத்துப்போகிறது.

நான் செய்யும் வேலை என்னவென்று கேட்டிருந்தீர்கள். நம் ஈரல் ஒரு புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. சிறுநீரகத்திலிருந்து வரும் நொதி அதை வெட்டியதும், ரத்தக்குழாய்களை இறுக்கும் பொருள் உருவாகி அழுத்தம் ஏறுகிறது. சில குடும்பங்களில் அந்தப் புரதம் பிறவியிலேயே அதிகமோ என்று பார்க்கத்தான் ஊர் ஊராகப் போய் பிரஷர் பார்த்து ரத்தம் எடுக்கிறோம்.

நேற்று வாழவந்தியில் யாரும் கை நீட்டவில்லை.

"ஏனுங்க, மொதல்ல உங்க கையில கட்டிக் காட்டுங்க," என்றார் பாவாயி என்ற அக்கா.

பிரஷர் பட்டையை என் கையில் கட்டிப் பார்த்தேன். நூற்றெழுபது காட்டியது.

"மொகம் ஏனுங்க இப்படிப் போச்சு?"

"மிஷின் பழசுங்க அக்கா," என்று சிரித்தேன். பிறகு எல்லோரும் ரத்தம் கொடுத்தார்கள்.

இன்று டாக்டர் மறுபடி பார்த்து மாத்திரை எழுதினார். பயப்பட வேண்டாம். உப்பைக் குறைக்க வேண்டுமாம், அதனால் ஊறுகாய் அனுப்பாதீர்கள். உங்கள் பழைய போர்வையை அனுப்புங்கள், துவைக்காமலே.

அப்பா கடையில் சாய்ந்து விழுந்து இறந்தபோது, இப்போதைய என் வயதைவிட ரொம்பப் பெரியவர்தானே? ஆமாம் என்று ஒரு வரி எழுதுங்கள், அம்மா.

சேலம் பஸ் கிளம்புகிறது.

தமயந்தி