ஐம்பதில் ஒரு ரதி

தெமோதரைத் தோட்டம்,
1913 ஆவணி.

செல்லாயிக்கு உன் புருசன் பெரியண்ணன் எழுதுவது. மாரியாத்தா புண்ணியத்தில் நான் சுகம். உன் இடுப்பு வலியும் நான் கப்பலேறிய பின் பிறந்த பயலும் எப்படியென்று எழுதச் சொல்லு.

மாசியில் காமன் கூத்துக்கு நான்தான் ரதி வேசம் கட்டினேன். துரையின் சம்சாரம் அதைப் படம் வரைந்து, கொழும்பில் ஐம்பது மட்டும் அச்சடித்து, அச்சுக்கல்லையும் தேய்த்து அழிக்கச் சொல்லிவிட்டார். இனிமேல் கிடைக்காது என்றதும் மற்றத் தோட்டத்துத் துரைமார் போட்டி போட்டு வாங்கினார்கள். அந்தப் பணத்தில்தான் நம்ம கூத்துக் கொட்டகைக்குத் தகரம் போட்டோம். மழையென்றால் இனி ஆட்டம் நிற்காது.

படக்கட்டைச் சுமந்து வந்த கங்காணி, சாமி படமாச்சே என்று மேலே இருந்ததுக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டார். கறைபட்டது விலைபோகாது என்று துரையம்மா கோபமாக அதை என்னிடம் தந்துவிட்டார். ஊருக்கு வருகிற வீரமலையிடம் மூங்கில் குழாயில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அவன் திரும்பும்போது கொஞ்சம் கருவாடும், பயல் உயரத்துக்கு அளந்த நூலும் கொடுத்தனுப்பு. சட்டை தைக்கணும்.

வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குத் தப்பு அடிக்கிறது, ஓடணும். பயல் படத்தில் சேலையைப் பார்த்துவிட்டுச் சாமியென்று கும்பிடுவான். கும்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் அது அவன் அப்பன் என்று சொல்லு.