ஆறு முறை வைத்த விரல்

ஜூன் 15, ஞாயிறு

நாளைக்கு பிளஸ் ஒன் ஆரம்பம். பாடம் எல்லாம் வாட்ஸப் குரூப்பில்தான் வருமாம். எனக்கென்று ஒரு நம்பர் வேண்டும் என்று ஒரு வாரமாக அம்மாவை அரித்து, இன்று வாங்கிவிட்டேன். அப்பாவின் பழைய ஃபோன், அம்மா பெயரில் சிம்.

பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கத்தில் நீலக் குடை போட்டு சிம் விற்கும் நிர்மல் அண்ணனிடம் போனோம். என் கூடப் படிக்கும் சுவேதாவின் அண்ணன், பக்கத்துத் தெரு. அம்மாவை 'அத்தே' என்றுதான் கூப்பிடுவான்.

அம்மாவுக்கு, தினமும் ரயிலில் போய் வரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் எவர்சில்வர் பாத்திரத்துக்குப் பாலிஷ் போடும் வேலை. பன்னிரண்டு வருடம் தேய்த்துத் தேய்த்து விரலில் ரேகையே இல்லை. ரேஷன் கடையில் ஒவ்வொரு மாதமும் நாலு முறை, ஐந்து முறை வைத்துப் பார்க்க வேண்டும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் கத்துவார்கள். அதனால் 'இன்னொரு தபா வை' என்று யார் சொன்னாலும் அம்மா ஏன் என்று கேட்பதில்லை. விரலைப் புடவையில் துடைத்துவிட்டு வைப்பாள்.

"இன்னா அத்தே, ரேகைய பூரா பட்டறையிலயே வுட்டுட்டு வந்துட்டியா? இன்னொரு தபா வை."

"ஆமாண்டா, வாடகைக்கு வுட்டுக்கீறேன்," என்றாள் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

ஆறு முறை வைத்தாள். கண்ணை மூடிவிட்டாள் என்று நடுநடுவே ஃபோட்டோவும் எடுத்தான்.

நான் அவன் பக்கம் நின்றிருந்தேன். முதல் முறையே திரையில் பச்சை டிக் வந்தது. "அண்ணா, வந்துடுச்சே" என்றேன். அவன் என்னைப் பார்க்காமலே ஒரு பெட்டியை எடுத்து நீட்டினான். காதில் வைத்துப் பாட்டு கேட்கும் வெள்ளை ப்ளூடூத். "ஆஃபர்மா. உனுக்குத்தான்."

வாங்கிக்கொண்டேன். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 9, புதன்

பள்ளியில் கூட்டம். போலீஸ், சிபிஐ என்று ஃபோனில் யார் மிரட்டினாலும் அது மோசடிதான், பேசாமல் கட் பண்ணுங்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு அப்படியே நடித்துக் காட்டினேன்.

ஜூலை 22, செவ்வாய்

இன்று அம்மா ஃபோனில் நிஜமாகவே வந்தது! ஒரு பொம்பளை. "சைபர் கிரைம்லேர்ந்து பேசறேன், சுசீலாவா? உங்க பேர்ல இருக்கிற நம்பர் பத்தி விசாரிக்கணும்." நான் பிடுங்கி, "போய் உங்கம்மாவ அரெஸ்ட் பண்ணு" என்று சொல்லி கட் பண்ணினேன். திரும்பத் திரும்ப வந்தது. மூன்று நம்பரையும் பிளாக் செய்தேன். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல். அப்பா லோடு இறக்கிவிட்டு வந்ததும் அவரிடமும் சொன்னாள். "எம் பொண்ணு பானு படிச்சவடி" என்றார் அப்பா.

ஜூலை 27, ஞாயிறு

குளியலறையில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம் எழுதுகிறேன். அம்மாவும் அப்பாவும் தூங்குகிறார்கள், அல்லது தூங்குவதுபோல் படுத்திருக்கிறார்கள்.

காலை பத்து மணி. வாசல் குழாயில் அம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். ஆட்டோக்காரர்களின் காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரிய ஆள், அவருடைய இரண்டு மகன்கள்.

"சுசீலா யாரு?"

"நான்தாண்ணா. இன்னா வோணும்?"

அவள் சொல்லி முடிக்கவில்லை. அடி விழுந்தது. குழாயில் போய் வாய் மோதியது. முடியைப் பிடித்துத் தெருவரைக்கும் இழுத்தார். அம்மாவின் புடவை சேற்றில் கழன்று போய்க்கொண்டே இருந்தது. நான் அவர் கையைக் கடித்தேன். ஒரு மகன் என்னைத் தூக்கிச் சுவரில் போட்டான்.

"எம் புள்ள கஞ்சா கேசுல மாட்டிகினான், ஸ்டேஷன்ல வெச்சி அடிக்கிறாங்கோன்னு எம் பொண்டாட்டிகிட்ட சொன்னியேடி! உன் பேர்ல கீற நம்பர்லேர்ந்து எவன வுட்டு பேச வெச்ச? எம் பொண்ணு கல்யாணத்துக்கு வெச்சிருந்தத தொடச்சி அனுப்பிட்டாடி அவ!"

அவர் பெயர் வேம்புலியாம். பூந்தமல்லியிலிருந்து வந்திருக்கிறார். அடித்துக்கொண்டே அழுதார். "இருபத்தஞ்சு வருசம் அவ மேல கை வெச்சதில்ல. நேத்து இந்தக் கையால அடிச்சேன். உன்னாலடி." சொல்லிவிட்டு அதே கையால் மறுபடியும் அடித்தார்.

தெருவில் எல்லோரும் நின்றார்கள். ஒருத்தர் வீடியோ எடுத்தார்.

அப்பா வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தபிறகுதான் விட்டார்கள். அப்பாவுக்கும் சட்டை கிழிந்தது. போகும்போது வேம்புலி தன் ஃபோனில் இருந்த ஒரு படத்தை அப்பாவின் மூஞ்சிக்கு நேராகக் காட்டினார். புகார் கொடுக்கப் போன ஸ்டேஷனில் மேசையில் இருந்த காகிதத்தை அவர் எடுத்த ஃபோட்டோ. அம்மா பெயர், வீட்டு விலாசம், அம்மாவின் முகம். கீழே ஐந்து நம்பர்கள். எதுவும் எங்களுடையது இல்லை.

அம்மா முகத்துக்குப் பின்னால் நீலக் குடை.

ஆறு முறை. ஒன்று எனக்கு. மீதி ஐந்து.

ஜூலை 28, திங்கள்

உதடு கிழிந்து, பல் ஒன்று போய், அந்த முகத்தோடும் அம்மா வேலைக்குப் போனாள். லீவு எடுத்தால் வேறு ஆளைச் சேர்த்துவிடுவார்களாம். சாயங்காலம் வந்து பையை மாட்டுவதற்குள் அப்பா கதவைச் சாத்தினார்.

"அஞ்சு நம்பரு. யாருடி அந்த அஞ்சு பேரு?"

"சத்தியமா எனுக்கு ஒண்ணுமே தெரியாதுய்யா. பாப்பாவுக்கு ஒண்ணு வாங்கினேன், அவ்ளோதான்."

"ரயில்ல எவனுக்கு வாங்கிக் குட்த்த? பட்டறையில எவனுக்கு?"

பெல்ட்டால் அடித்தார். பதினொரு அடி. ஏன் எண்ணினேன்? ஐயோ, ஏன் எண்ணிகினே இருந்தேன் நான்! வாயைத் திறந்து ஒரு பேர் சொன்னா போதும், நின்னிருக்கும். சொன்னால் அடுத்து, நீ பார்த்துகினு ஏன் சும்மா இருந்த என்று கேட்பார்கள்.

ஜூலை 29, செவ்வாய்

பள்ளி விட்டதும் நிர்மலிடம் போனேன். குடையின் கீழே அப்படியே உட்கார்ந்து யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். "நீயே வந்து எங்கப்பாகிட்ட சொல்லிடுண்ணா" என்றேன். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் கூட்டிப் போனான். நல்லவிதமாகத்தான் கூட்டிப் போனான்.

அங்கே என் வலது கையை முதுகுக்குப் பின்னால் முறுக்கினான். மணிக்கட்டில் மளுக் என்று ஒரு சத்தம்.

"ஹெட்செட்ட வாங்கிகினு வாய மூடிகினு நின்னல்ல? அப்ப நீயும்தான் கூட்டு. உள்ள போனா ரெண்டு பேரும்தான் போவோம். உன் ஃபோட்டோ சுவேதா ஃபோன்ல எவ்ளோ கீது தெரியுமா? உன் மூஞ்சிய எதுல வோணா ஒட்டி ஸ்கூல் குரூப்புக்கே அனுப்புவேன். உங்கொப்பன் உன்ன உயிரோட வுடுவானா? யோசி."

யோசித்தேன். விட மாட்டார்.

ஜூலை 31, வியாழன்

பி.டி. பீரியடில் விழுந்தேன் என்று சொன்னேன். வீங்கின உதட்டோடு அம்மா என் கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். இடது கையால் எழுதுகிறேன். சொல்லித் தொலையேன்டி பானு.

ஆகஸ்ட் 1, வெள்ளி

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நேற்று நடந்ததை எழுதிவிட வேண்டும். விட்டால் இப்படி நடக்கவில்லை என்று நானே நம்பிவிடுவேன்.

சனிக்கிழமை மதியம் நிஜப் போலீஸ் வந்தார்கள். சித்ரா என்று ஒரு எஸ்.ஐ. அம்மாவைப் பார்த்ததும், "மூணு தபா ஃபோன் பண்ணேன். எங்கம்மாவ அரெஸ்ட் பண்ணச் சொன்னது யாரு?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். "அன்னிக்கே பேசியிருந்தா இங்க வரைக்கும் வந்திருக்காது" என்றார். அம்மாவின் வாயைப் பார்த்தார், யார் அடித்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார். திங்கட்கிழமை ஆதாரோடு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்.

அவர்கள் போகும்வரை அப்பா வாசலில் கை கட்டி நின்றார். பிறகு உள்ளே வந்து அடுப்பைப் பற்ற வைத்தார். டீ போடப் போகிறார் என்று நினைத்தேன்.

"எந்த வெரலுடி வெச்ச?"

அம்மாவுக்குப் புரியவில்லை. வலது கட்டை விரலைக் காட்டினாள். காட்டினாள்! கேட்டார் என்று காட்டினாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் நெருப்பில் வைத்தார்.

அம்மா போட்ட சத்தம் மனுஷச் சத்தம் இல்லை. நான் பாய்ந்து சிலிண்டரை மூடினேனா, அப்பாவைத் தள்ளினேனா, எது முதலில் என்று தெரியவில்லை. கத்தியது மட்டும் தெரியும். "நிர்மல்! நிர்மல்தாம்ப்பா! ஆறு தபா வெக்க வெச்சான், நான் பாத்தேன், நான் பாத்துகினேதான் இருந்தேன்!"

அப்பா கையை விட்டார். வண்டியிலிருந்து ஜாக்கிக் கம்பியை எடுத்துக்கொண்டு ஓடினார். சுவேதா வீட்டு வாசலில் வைத்து நிர்மலின் தோளை உடைத்தார். இரண்டாவது அடிக்கு அவன் கீழே கிடந்தான், மூன்றாவதைக் காலில் போட்டார். சுவேதா அவன்மேல் விழுந்து படுத்துக்கொண்டதால் நிறுத்தினார்.

ஸ்டேஷனில் எல்லோரும் இருந்தோம். ஆஸ்பத்திரியில் கட்டுப் போடுவதற்குள் நிர்மல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். ஐந்து சிம்மையும் ஆவடியில் ஒருத்தனிடம் கொடுத்திருக்கிறான். எங்கள் அம்மா மட்டும் இல்லை, விரல் தேய்ந்த பொம்பளைகளாகப் பார்த்து இன்னும் பதினேழு பேர்.

வெளியே எங்கள் தெரு ஆம்பளைகள் அப்பாவின் முதுகில் தட்டினார்கள். "பொண்டாட்டிக்காக எறங்கி செஞ்சிட்டியே தேவராஜு! ஆம்பளடா." அப்பா தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டார்.

சித்ரா மேடம் அம்மாவின் விரலைப் பார்த்துவிட்டு, "இது என்ன?" என்றார்.

"குக்கர் மூடி சுட்டுட்ச்சி மேடம்."

அப்பா எனக்கு எதிரில்தான் நின்றிருந்தார். என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் சொல்ல மாட்டேன் என்று அவ்வளவு நிச்சயம் அவருக்கு.

"அப்பாதான் மேடம்," என்றேன். "அடுப்புல வெச்சாரு. பெல்ட்டால அடிச்சதும் அவர்தான். முதுகுல இருக்கு."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அம்மா என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், பேசவில்லை. ஏழு நாள் சொல்லாமல் இருந்ததற்கா, அப்பாவைச் சொல்லிக்கொடுத்ததற்கா? கேட்கப் பயமாக இருக்கிறது. வகுப்பில் சுவேதா வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். "பெத்த அப்பனையே புடிச்சிக் குட்த்தவ" என்று யாரோ சொன்னார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அம்மாவின் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடப் போனபோது ஸ்டேஷன் வாசலில் வேம்புலி நின்றிருந்தார். அம்மாவை அடித்ததற்கு அவர் மீதும் கேஸ் இருக்கிறது. அம்மா அவரைப் பார்த்ததும் என் பின்னால் ஒதுங்கினாள். என் அம்மா, என் பின்னால். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. ஃபோனை எடுத்து அம்மாவின் படத்தை எங்கள் கண் முன்னால் அழித்தார். "ஊட்ல அவ எங்கூட பேசறதில்ல" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

அப்பா ஜாமீனில் வந்து குமணன்சாவடியில் பெரியப்பா வீட்டில் இருக்கிறாராம்.

ஆகஸ்ட் 16, சனி

பெரியப்பா வந்தார். "நாளைக்கு மத்தியானம் வந்துர்றாம்மா. கோவத்துல செஞ்சிட்டான். மீனு கொழம்பு வெச்சி வை." அம்மா தலையாட்டினாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் அம்மா பையை எடுத்துக்கொண்டு பஜாருக்குப் போனாள். மீன் வாங்கத்தான் என்று நினைத்து, கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். திரும்பி வந்தவள் பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்தாள். பெரிய பூட்டு, மூன்று சாவி.

ஒன்றை என் முன்னால் வைத்தாள். பதினான்கு நாளில் முதல் பேச்சு: "தொலைச்சின்னு வை, தோல உரிச்சிடுவேன்."

ஒன்றைத் தன் வளையத்தில் கோத்தாள். மூன்றாவதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் அதே வளையத்தில் கோக்கப் பார்த்தாள். விரலில் கட்டு இருப்பதால் வளையம் விரியவில்லை. நான் கை நீட்டினேன். "உடு," என்றாள். பல்லால் பிரித்துக் கோத்துக்கொண்டாள்.

ஒரு மணி இருக்கும். பூட்டை உள்பக்கம் போட்டிருந்தோம். வாசலில் அப்பாவின் குரல் கேட்டது, முதலில் மெதுவாக, பிறகு பேர் சொல்லி, பிறகு கதவு அதிர. அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். இரண்டு பேருக்கான அரிசி. களைவதை நிறுத்தவில்லை.

"பானு," என்றாள் திரும்பாமலே. "அந்த சித்ரா மேடம் நம்பர பிளாக்லேர்ந்து எடுத்து, போட்டுக் குடு."