அவன் பாடிய இரண்டு வரி

தந்தா
11 மே 1968, சனிக்கிழமை

அருளாளன் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன்.

குவைத்தில் இருக்கும், எனக்கு மகன் போன்ற ரஃபத்துக்கு ஹில்மியின் தாய் ஃபிக்ரியா எழுதுவது. உனக்கும் உன் மனைவிக்கும் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் என் ஸலாம். பெண் குழந்தை என்று கேள்விப்பட்டேன். பெயர் தெரியாததால் அல்லாஹ்விடம் வேண்டும் துஆவில் "ரஃபத்தின் மகள்" என்றே சொல்லிவருகிறேன். பெயரை எழுது.

என் எழுத்து கோணலாக இருக்கும். ஹில்மியின் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை வைத்து, அவன் பள்ளிக்கூடம் போன நேரத்தில் நானாகக் கற்றுக்கொண்டது. சாயங்காலம் அவன் வந்து திருத்துவான். இப்போது திருத்த ஆளில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

விலாசம் உன் அண்ணியிடம் வாங்கினேன். தர யோசித்தாள். "அவனுக்கே உங்க முகத்துல முழிக்கக் கூச்சமா இருக்கு ஹாஜியம்மா, அதான் போகும்போது சொல்லிக்கக்கூட வரலை" என்றாள். இதில் என்ன கூச்சம்? நீங்கள் இருவரும் ஒன்றாகச் சங்கீதம் படித்தீர்கள், ஒன்றாகப் பட்டாளத்தில் சேர்ந்தீர்கள். வானொலிக்குப் பாடி முடித்ததும் அவனைச் சண்டை நடக்கும் சினாய்க்கு அனுப்பி, உன்னைக் கெய்ரோவில் ஏன் நிறுத்திக்கொண்டார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அது என் வீட்டுக் கணக்கு நோட்டில் இல்லை. அல்லாஹ்வின் ஏட்டில் இருக்கிறது. நீ வந்திருந்தால் உனக்கு முலூக்கியாக் கீரை சமைத்துப் போட்டிருப்பேன், அவ்வளவுதான்.

இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் தரையில் நெற்றி வைத்த ஸஜ்தாவிலிருந்து எழ நேரம் எடுக்கிறது. ஹில்மியைப் பற்றிப் பட்டாளத்திலிருந்து ஒரே ஒரு தாள் வந்தது. "காணாமல் போனவர்" என்று எழுதியிருந்தது. அதற்கு, இறந்தவருக்கு வைக்கும் ஜனாஸா தொழுகை வைப்பதா என்று இமாமிடம் கேட்டேன். புத்தகம் பார்த்துச் சொல்கிறேன் என்றார், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வருடம் ஜூன் ஐந்து, திங்கட்கிழமை காலை, சண்டை தொடங்கிவிட்டது என்று தெரு முழுக்கச் சத்தம் கேட்டது. நான் கை கால் முகம் கழுவி உளூச் செய்துவிட்டு வந்து வானொலியைக் குர்ஆன் நிலையத்துக்குத் திருப்பி வைத்து, ஒரு நேர்ச்சை செய்தேன். என் மகன் வாசலில் வந்து நிற்கும்வரை இந்த முள்ளை அந்த இடத்தைவிட்டு நகர்த்துவதில்லை என்று. உனக்குத்தான் தெரியுமே, பாட்டு என்றாலே எனக்கு ஆகாது. அவன் சங்கீதம் படிக்கப் போன அன்று, "உன் குரல் வானொலியில வந்தாலும் என் வீட்டுல வராது" என்று சொன்னேன். அவன் சிரித்துக்கொண்டு, "அப்போ சனிய்யா வீட்டுச் சுவர் வழியா வர்றேம்மா" என்றான்.

அப்படித்தான் ரஃபத், அவன் வந்தான்.

அன்று நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பக்கத்து வீட்டுச் சனிய்யா கதவை உடைக்கிற மாதிரி தட்டினாள். "ஏ ஃபிக்ரியா, உன் பிள்ளை பாடறான்டி! ரேடியோவைத் திருப்பு! காதுல என்ன அடைச்சிருக்கு உனக்கு?" என்று கத்தினாள். வானொலியில் யாஸீன் ஓதிக்கொண்டிருக்கிறார்கள், தொந்தரவு செய்யாதே என்று உள்ளிருந்தபடியே சொன்னேன். சுவரின் அந்தப் பக்கம் தம்பட்டமும் கூட்டமாகப் பாடுகிற சத்தமும் இரைந்தன. அதற்கு நடுவில் எல்லாரும் அடங்கி ஒரு குரல் தனியாக எழுந்தது. என்ன பாடுகிறது என்று புரியவில்லை. ஓதுவது கேட்கவில்லையே என்று என் வானொலியின் சத்தத்தைக் கூட்டினேன். இந்தக் கையால்தான்.

அவன் எழுதிய தபால் அட்டை பதினைந்து நாள் கழித்து வந்தது. சண்டைக்கு இரண்டு நாள் முன்பு போட்டிருக்கிறான். "அம்மா, நாங்கள் பாடியதை ஒலிபரப்பப் போகிறார்கள். இரண்டாவது சரணத்தில் ரஃபத் இரண்டு வரி கேள்வி கேட்பான், நான் இரண்டு வரி பதில் சொல்வேன். கோபப்படாமல் ஒரு தடவை கேளுங்கள். அதற்கப்புறம் பாவத்தை என் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்" என்று இருந்தது.

அதன்பின் கேட்க எங்கே போவேன்? ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை இரவு நாம் தோற்ற செய்தியை ஊரே அழுதுகொண்டு கேட்டது. அத்தோடு அந்தப் பாட்டுகளெல்லாம் நின்றுபோயின. ஊரில் ஒருவர் வாயிலும் அவை இல்லை. நான் வீட்டு நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, யார் யார் எந்த நேரத்தில் கேட்டார்கள் என்று விசாரித்து எழுதத் தொடங்கினேன். திங்கள் லுஹருக்குப் பின், சனிய்யா. திங்கள் மாலை அஸர் தொழுகைக்குப் பின், இஸ்திரிக் கடை பேயூமி. செவ்வாய் காலை, பால்காரன் மனைவி. ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு சரிபார்த்து, இரட்டித்ததை அடித்துவிட்டுக் கூட்டினால் நாலு நாளில் பதினொரு முறை. அந்தப் பதினொரு முறையும் நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

அவன் என்ன வரி பாடினான் என்று கேட்டால்தான் யாரும் வாய் திறக்கவில்லை. "எதுக்கு ஹாஜியம்மா அதெல்லாம்" என்றார்கள். சனிய்யா என்னைப் பார்த்தாலே வெங்காயம் நறுக்கப் போய்விடுவாள்.

காரணம் போன மாதம்தான் புரிந்தது. ரொட்டிக் கடை வரிசையில் நின்றிருந்தேன். ரொட்டி வர வெகு நேரமாயிற்று. பின்னால் நின்ற ஒருத்தி, "டீத்தண்ணியை அடுப்புல ஏத்துங்கடி, கொதிக்கிறதுக்குள்ள வந்துடுவாங்க" என்றாள். வரிசையே சிரித்தது. ஒரு வருடமாக இந்த ஊரில் பஸ் தாமதமானாலும் மாப்பிள்ளை வீட்டார் தாமதமானாலும் இதைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்று நானும் முக்காட்டுக்குள் சிரித்தேன்.

வரும் வழியில் துணி வாங்க பேயூமி கடைக்குப் போனவள், நேரம் ஆனதற்குச் சமாதானமாக இந்த வேடிக்கையை அவரிடமும் சொன்னேன். அவர் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டார். கருகல் வாடை வந்தபிறகுதான் எடுத்தார். "ஹாஜியம்மா, நீங்க அதைச் சொல்லாதீங்க. நீங்க மட்டும் சொல்லாதீங்க" என்றார். ஏன் என்று விடாமல் கேட்டேன். "அது ஹில்மி பாடின வரிம்மா. கூடப் பாடறவன், 'அம்மா கேக்கறா, எப்போடா வருவே'ன்னு கேப்பான். ஹில்மி, 'தேநீரை அடுப்பில் ஏற்று தாயே, கொதிக்கும் முன்னே வந்து நிற்பேன்'னு பாடுவான். அதைக் கேட்டு நான் இந்தக் கடையில ஆடினேன். இப்போ நினைச்சா இந்தப் பெட்டியை எடுத்து என் கால்லயே வெச்சுக்கணும் போல இருக்கு" என்றார்.

அன்று துணியை வாங்க மறந்து வந்துவிட்டேன்.

மறு வாரம் ரயில் ஏறிக் கெய்ரோ போனேன். வானொலி நிலையத்தில் என் நோட்டைக் காட்டினேன். தேதி, நேரம், கேட்டவர் பெயர் எல்லாம் பார்த்துவிட்டு அந்த எழுத்தர், "எங்க பதிவேடுகூட இவ்வளவு சுத்தமா இருக்காதும்மா" என்றார். நல்ல பிள்ளை. நாற்காலி போட்டு, சோடா வாங்கிக் கொடுத்தார். ஆனால், "அந்த நாலு நாள்ல போட்டது எதையும் வெளியில எடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை. நீங்க மட்டும் அதைக் கேட்டு என்ன செய்யப் போறீங்க, ஊரே மறக்கணும்னு பாடுபடுது" என்றார். ஊருக்கு அது பொய் சொன்ன பாட்டு தம்பி, எனக்கு என் மகன் என்னிடம் சொன்ன பதில் என்று சொல்ல நினைத்தேன். சோடாவைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அவனை அடக்கம் செய்த கப்ரு என்று ஒன்று இல்லை. அவன் குரலும் என்னிடம் இல்லை. சின்ன வயதில் அவன் பாடியபோதெல்லாம் வாயை மூடச் சொன்னவள் நான்தான். ஆகவே கேட்கிறேன். உன்னிடம் அந்தப் பாட்டின் ஒலிநாடா இருக்கிறதா? இருந்தால் ஒரு பிரதி அனுப்பு.

இல்லையென்றால் வருத்தப்படாதே. அதற்கும் யோசித்து வைத்திருக்கிறேன். நீ பள்ளிக்கூடத்தில் சங்கீதம் சொல்லித்தருவதாகவும் ஒலி பதிகிற நாடாப் பெட்டி வைத்திருப்பதாகவும் உன் அண்ணி சொன்னாள். சனிய்யாவின் தம்பியும் லிபியாவிலிருந்து அந்த மாதிரிப் பெட்டி ஒன்று கொண்டுவந்திருக்கிறான். நாடாப் பெட்டி வானொலி இல்லை, அதனால் நேர்ச்சை முறியாது. முள் வைத்த இடத்திலேயே இருக்கிறது.

நீ உன் இரண்டு வரியை அன்று பாடியது போலவே பாடு. எப்போது வருவாய் என்று கேள். பிறகு அவன் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்தானோ அவ்வளவு நேரமும் ஒன்றும் பாடாமல் நாடாவை ஓடவிடு. அவன் வரியை நீ பாடாதே. அழுகை வந்தால் வரட்டும். ஆனால் அந்த நேரத்தைக் குறைக்காதே, கூட்டாதே. அவன் பக்கத்தில் நின்று பாடியவன் நீ, உனக்கு அளவு தெரியும். அந்த இடத்தில் அவன் பதிலை நான் கேட்டுக்கொள்கிறேன்.

உன் மகளுக்கு என் முத்தம். அவள் பேசத் தொடங்கி, எப்போது வருவாய் என்று உன்னைக் கேட்கிற ஒவ்வொரு நாளும், நீ வீட்டுக்குள் இருந்தே பதில் சொல்லும்படி அல்லாஹ் உன்னை வைத்திருக்கட்டும்.

உன் நினைவில் துஆச் செய்யும்
ஹில்மியின் தாய்