வலப்பக்கக் கதவு

என் அன்பான இஞ்சாருங்கோ,

இருபத்தாறு வருடம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். செத்துப்போனீர்கள் என்பதற்காக இனிப் பெயர் சொல்லத் தொடங்கப் போவதில்லை.

நான் அவுஸ்திரேலியா போய்வந்துவிட்டேன். ஓம், போயேவிட்டேன். மொன்றியலில் எங்கள் பியர்பொன்ட்ஸ் வீட்டு பிரிட்ஜ் கதவில் நீங்கள் ஒட்டிவைத்த வரைபடத்தைக் கழற்றிக் கைப்பையில் மடித்துவைத்துக்கொண்டு போனேன். அடிலெயிட்டிலிருந்து அலிஸ் ஸ்பிரிங்ஸ் வரை காருக்குப் பின்னால் கரவன் வண்டியை இழுத்துக்கொண்டு போகவேண்டும் என்று அதில் சிவப்புப் பேனையால் கோடு போட்டவர் நீங்கள். ஒவ்வொரு கோடையிலும் "பேந்து போவம்" என்று பிற்போட்டீர்கள். போன கார்த்திகையில் வாசலில் முதல் பனியை வழித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள்.

உங்கள் அண்ணர் என்னை விடுவாரா? நோத்ர-டாம்-த-கிரேசிலிருந்து பஸ் மாறி மாறி வந்து கதிரையில் இருந்தார்.

"ஆட்டத்திவசம் முடியேல்லை, பிள்ளை. வருசம் திரும்பமுந்தி ஊர் சுத்தினால் சனம் என்ன கதைக்கும்?"

"நான் கோயில் தேருக்கும் போகேல்லை, கலியாண வீட்டுக்கும் போகேல்லை, அத்தான். அங்கை நூறு மைலுக்கு மனிசரே இல்லை. ஆருக்கு அமங்கலம்?"

தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். போகட்டும்.

அடிலெயிட்டில் தங்கச்சி தவம் காரையும் கரவனையும் ஆயத்தமாக வைத்திருந்தாள். அவள் கார் ஓடுவது, நான் பக்கத்தில் இருப்பது என்று ஏற்பாடு. ஆனால் மொன்றியல் பழக்கம் விடுமா? இங்கே நான் இருக்கும் பக்கம் வலப்பக்கம். அங்கே அது சாரதியின் பக்கம். ஒவ்வொரு தரமும் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறி இருந்தால் முன்னால் ஸ்டியரிங். தவம் விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் இறங்கிச் சுற்றிப் போவேன்.

நாலாம் நாள், பெற்றோல் அடித்த இடத்தில் திரும்பவும் அதே பிழை. தவம் தண்ணீர்ப் போத்தல்களோடு வந்து நின்றாள்.

"அக்கா, இறங்குங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, உங்கள் மேல். கொட்டும் பனியில் ஓடிக்காட்டி எடுத்த லைசென்ஸ் பன்னிரண்டு வருடமாகக் கைப்பையில் கிடந்தது. எத்தனை தரம் கார்த் திறப்பைக் கேட்டுக் கை நீட்டியிருப்பேன்? "நீர் இரும், பேந்து ஓடலாம்" என்பீர்கள். நான் ஓடியிருந்தால் நீங்கள் என்ன குறைந்துபோயிருப்பீர்கள்?

"இறங்கமாட்டன். திறப்பைத் தா."

"பின்னாலை கரவன் இருக்கு, அக்கா!"

"தெரியும். ஏறு."

முதலில் ஊர்ந்தேன். பிறகு கை பிடிபட்டது. இரண்டு பக்கமும் செம்மண், நடுவில் வளைவே இல்லாத தார் ரோட்டு. மூன்று பெட்டி கோர்த்த லொறி ஒன்று எதிரே வந்து கடந்தபோது கரவன் ஆடியது. தவம் கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. இடப்பக்கத்தில் நீங்கள் அல்லவா இருந்திருக்கவேண்டும்? அழுதேன், ஆனால் நிறுத்தவில்லை. உங்கள் சிவப்புக் கோடு முடியும்வரை நான்தான் ஓடினேன்.

வருகிற சனிக்கிழமை உங்கள் ஆட்டத்திவசம். டொலார்ட் கோயிலிலிருந்து ஐயரைக் கூட்டிவர ஆரையாவது பிடிக்கவா என்று அண்ணர் ரெலிபோனில் கேட்டார்.

"வேண்டாம் அத்தான், நான் கூட்டிவாறன். முதல் உங்களை வந்து ஏத்திறன்."

அவர் பேனை தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "எத்தினை மணிக்கு?" என்றார்.

உங்கள் காரை விற்கமாட்டேன். அதன் இடப்பக்கக் கதவைத் திறந்து, உங்கள் சீற்றை என் காலுக்கு எட்டும்படி முன்னுக்கு இழுத்துவிட்டேன். இனி அதைப் பின்னுக்குத் தள்ளப்போவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் பெண்சாதி சறோ