கேற் தானாகத் திறக்கவில்லை

போன மாதம் என் மகள் நம்முடைய அந்தப் பழைய கம்ப்யூட்டர் விளையாட்டை விளையாடினாள். துணி சுற்றிய அதே முகம், அதே கல் கோட்டை, கூடவே மூட்டை தூக்கி வருகிற அதே தோழன். பழையதைத் துடைத்துப் புதிதாக்கி மறுபடி விற்கிறார்களாம். நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ஆண் குரல் ஒன்று, கரகரத்த குரல், ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. "ஆரும்மா கதைக்கிற?" என்று கேட்டேன். "ஹீரோதான் அப்பா" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மீனை அப்படியே போட்டுவிட்டுச் செதில் ஒட்டிய கையோடு வந்து நின்றேன். அவன் பேசுகிறான் மச்சான். தொடக்கத்திலிருந்தே பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அவன் பேச வேண்டுமா, பேசாமல் இருக்க வேண்டுமா என்று நீயும் நானும் ஒன்றரை வருடம் தொண்டை வறளச் சண்டை பிடித்தோமே, அந்தச் சண்டைக்கு அடிப்படையே இல்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. உன் மேல், என் மேல், ஸ்பீக்கரைக் கழற்றி அலுமாரிக்குள் பூட்டிய கடைக்கார அங்கிள் மேல், அவரை அப்படிப் பூட்ட வைத்தவர்கள் மேல்.

அங்கிளைக் குறை சொல்லவும் ஏலாது. வாவிக்கரைத் தெருவில் ஐந்து கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கடை நடத்திய மனிதர். வாசலில் இருந்து இருபது அடியில் ஆமிக்காரர் காவல் நிற்கிற சென்றி. "ஸ்பீக்கர் வேணாம் மக்காள். நீங்க உள்ளுக்க சுடுற சத்தம் கேட்டா அவனுகள் வெளியில இருந்து சுடுவானுகள். மறுகா நான் ஆருக்கெண்டு பதில் சொல்ற?" என்றார். காதில் மாட்டுகிறது ஒன்றே ஒன்று இருந்தது. அது மத்திய கிழக்குக்குப் போன மகள்மாரோடு பேச வருகிற தாய்மாருக்கு மட்டும். ஆகவே எங்கள் உலகத்தில் குண்டு சத்தமில்லாமல் வெடித்தது, குதிரை சத்தமில்லாமல் ஓடியது. காவல்காரர்களின் வாய் அசைவது தெரியும், அவர்கள் ஏதோ சொல்கிறார்கள் என்று விளங்கும். அவன் வாயைத்தான் துணி மூடியிருந்ததே. அவன் ஊமை என்று முடிவு கட்டினோம். அதற்கு முன் நீ விளையாடிய ஒரு பழைய விளையாட்டில் நாயகன் கடைசி வரை ஒரு சொல்லும் சொல்ல மாட்டானாம். இவனும் அந்த வகைதான் என்று அடித்துச் சொன்னாய்.

காலையில் நாங்கள் இரண்டு பேரும் சனத்துக்குக் கடிதம் தட்டிக் கொடுப்போம். மத்தியான வெயிலில் கடைக்கு யாரும் வராத நேரம்தான் எங்கள் நேரம். நீ மவுஸைப் பிடிப்பாய், நான் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனுக்குக் குரல் கொடுப்பேன். வீடு எரியும்போது, "ஐயோ, போன மாசம்தான் கூரைக்குக் கிடுகு மாத்தினன்" என்பேன். எதிரி துரத்தும்போது, "இரி, வாறன், செருப்பு அறுந்திற்று" என்பேன். நீ சிரிப்பை அடக்கிக்கொண்டு எரிந்து விழுவாய்.

"வாயப் பொத்துகா. அவன நான் எண்டு நினைச்சித்தான் நடக்கன். நீ குறுக்க உன்ட குரலக் கொண்டாறாய். அவன் வாய் திறந்தா அவன் வேற ஆளாயிருவான்."

"வீடு எரியக்குள்ளயும் ஒண்டும் சொல்லாதவன் என்ன மனிசன்?"

"பேசாம இரிக்கிறவனுக்குத்தான் எல்லாம் விளங்கும். நீ பாலத்தால ஒருக்கா வந்து பாரு, தெரியும்."

நான் இந்தக் கரைப் பிள்ளை, டவுனில் பிறந்தவன். நீ வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரை, வவுணதீவு. ஒவ்வொரு நாளும் சைக்கிளில் சோதனைச்சாவடி தாண்டி வருகிறவன். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை சட்டையைத் தூக்கிக் காட்டுகிறவன். கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காவிட்டால் கல்லு மாதிரி நில் என்று உனக்கு அந்தப் பாலம்தான் பழக்கியது. நான் வெறுக்கிறது அந்தப் பழக்கத்தை. ஒரு மனிதனை இருபத்திரண்டு வயதில் கல்லாக்கி வைத்ததே, அதை.

அந்தக் கோட்டை வாசல் கட்டம் உனக்கு நினைவிருக்கும். காவல்காரர் நான்கு பேர் தோழனைப் பிடித்து நிறுத்துவார்கள். அந்த இடத்தில் எந்த விசையை அமத்தினாலும் ஒன்றும் நடக்காது. அவன் சும்மா நிற்பான். கொஞ்ச நேரத்தில் கேற் திறக்கும், இரண்டு பேரும் உள்ளே போவார்கள். ஏன் திறந்தது என்று எங்களுக்கு விளங்கவே இல்லை. "காவல்காரனுக்குச் சோத்து நேரம் வந்திரிக்கும்" என்றேன் நான். நீ சிரிக்கவில்லை. "பாத்தியா, சும்மா நிண்டான். கேற் தானாத் திறந்திச்சி" என்றாய். ஏதோ பெரிய விடயத்தைக் கண்டுபிடித்தவன் மாதிரி கதிரையில் சாய்ந்தாய்.

உன்னைப் பிடித்த அந்த நாளை நான் சுருக்கமாகவே எழுதுகிறேன், உனக்குத் தெரியாததா. காலையில் சந்தைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. மத்தியானம் ஆமிக்காரர் தெருவைச் சுற்றி வளைத்தார்கள். அங்கிள் சாப்பிடப் போயிருந்தார். கடைகளில் நின்ற ஆண்களையெல்லாம் வாவிக்கரை மதிலோடு வரிசையில் நிறுத்தினார்கள். ஜீப்பின் முன் சீட்டில் ஒருவன், தலையில் இருந்து கழுத்து வரை சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. தலையாட்டி. அவன் தலை ஆடினால் ஆள் போச்சு. உனக்கு முன்னால் நின்ற பதினொரு பேருக்கும் அது அசையவில்லை. உனக்குக் கொஞ்சம் அசைந்தது. அவன் தலையை ஆட்டினானா, சாக்கு அரித்துக் கழுத்தைத் திருப்பினானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஜீப்புக்குப் பக்கத்தில் நின்ற ஆமிப் பெரியவனுக்கும் தெரியவில்லை. அதனால்தான் கேட்டான், உடைந்த தமிழில். "நீ யாரு? காலையில எங்க?"

உன்னைப் பார்த்துத்தான் முதலில் கேட்டான். காலை எட்டு மணியிலிருந்து நீ கடைக்குள் இருந்தாய். மூன்று கடிதம் தட்டியிருந்தாய். அதைச் சொல்ல வாய் இருந்தது. நீ சொல்லவில்லை. இரண்டு கையும் தலையில், கண் நேரே, அந்தக் கோட்டை வாசலில் அவன் நின்ற மாதிரியே நின்றாய். நீ பயத்தில் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும். கேற் திறக்கும் என்று பார்த்துக்கொண்டு நின்றாய். மடையா.

பிறகு அவன் வரிசையைப் பார்த்துக் கேட்டான். "யாருக்கு இவனைத் தெரியும்?" நான் உனக்கு இடது பக்கம், தோள் முட்ட நின்றேன். ஒன்றரை வருடம் வாய் மூடாமல் உன் காதுக்குள் கத்திக்கொண்டிருந்தவன். மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெரியும் என்று சொன்னால் என்னையும் ஏற்றுவார்கள், அவ்வளவுதான் எனக்குள் ஓடிய யோசனை. உன்னை ஏற்றினார்கள். நீ திரும்பிப் பார்க்கவும் இல்லை. பார்த்திருக்கலாம். குறைந்தது என்னைத் தூஷணத்தால் ஏசியிருக்கலாம்.

மூன்றாம் நாள் உன் அம்மா பாலம் கடந்து கடைக்கு வந்தார். "நீ பக்கத்தில நிண்டயாம் மனே. அவன் என்ன கதைச்சான்?" என்று கேட்டார்.

"ஒண்டும் கதைக்கல்ல மாமி."

"அவனுகள் ஒண்டும் கேக்கல்லயா?"

"கேக்கல்ல" என்றேன். அந்தப் பொய்யை அதோடு விடவில்லை. அம்மா உன்னைத் தேடி எந்தெந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாரோ, அத்தனைக்கும் கடிதம் தட்டிக் கொடுத்தவன் நான்தான். எதுவும் கேட்காமல் என் மகனைக் கொண்டு சென்றனர் என்று ஒவ்வொரு கடிதத்திலும் தட்டினேன். அதே கம்ப்யூட்டர், அதே கதிரை. வருடக்கணக்காக அம்மா அந்தக் கடிதங்களைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு திரிந்தார். அவை ஒன்றுக்கும் உதவவில்லை என்பதில் எனக்குக் கோபம் பத்தாதா, அவை பொய்யாகவும் இருந்தன.

அதனால்தான் போன மாதம் மகளிடம், "அந்தக் கோட்டை வாசல் மட்டும் போம்மா" என்றேன். போனாள். நான்கு காவல்காரர், மூட்டை தூக்கிய தோழன், மூடிய கேற். அந்தக் கரகரத்த குரல் வந்தது. எனக்கு விளங்கியது, ஆனாலும் கேட்டேன். "என்ன சொல்றான்?"

"இவன் என்னோட வந்தவன், இவன விட்டுட்டு நான் வர மாட்டன் எண்டு சொல்றான் அப்பா."

கேற் திறந்தது.

நாயகன் பேசாமல் இருக்கலாமா என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால், இருக்கலாம் என்றே சொல்வேன். உன் கட்சிக்கே வந்துவிட்டேன், பார். அவன் பேசாமல் இருக்கலாம், அவனுக்காகப் பேச ஒருவன் பக்கத்தில் இருந்தால். உனக்குப் பக்கத்தில் ஒருவன் இருந்தான் மச்சான். அந்த நாயைத்தான் நான் இத்தனை வருடமாகச் சோறு போட்டு வளர்க்கிறேன்.

அடுத்த ஞாயிறு வவுணதீவுக்குப் போனேன். பாலத்தில் இப்போது யாரும் மறிப்பதில்லை. உன் அம்மா முற்றத்தில் குந்தியிருந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "அவனுகள் கேட்டவனுகள் மாமி. இவன ஆருக்குத் தெரியும் எண்டு கேட்டவனுகள். நான் வாய் திறக்கல்ல" என்றேன். சுளகு நின்றது. ஏன் என்று கேட்பார், ஏசுவார், அழுவார் என்று நினைத்திருந்தேன். அரிசியில் இருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார்.

"திறந்திருந்தா என்ன சொல்லியிரிப்பாய்?"

"இவன் என்னோட வந்தவன் எண்டு."

"சொல்லு பாப்பம்."

சொன்னேன்.

"சத்தமாச் சொல்லு. அண்டைக்கு அவனுக்குக் கேக்கல்லத்தானே."

எழும்பி நின்று சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வளவில் இருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். அம்மா சுளகை எடுத்து மறுபடி புடைக்கத் தொடங்கினார். நான் எப்போது புறப்பட்டேன் என்று பார்க்கவும் இல்லை. இனி வராதே என்று சொல்லவும் இல்லை.

நேற்று மறுபடி போனேன். அம்மா படலைக்கு அந்தப் பக்கம் நின்றார். கொக்கியில் கை வைத்தபடி, திறக்காமல், என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "இவன் என்னோட வந்தவன்" என்றேன். அதற்குப் பிறகுதான் திறந்தார்.